மடக்குக் கத்தி வாங்கும் முன்: சைட் வேலைக்கும் மலைப் பயணத்துக்கும் ஒரு வழிகாட்டி

மடக்குக் கத்தி வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் ஸ்டீலின் பெயரை விசாரிப்பதில் தொடங்கி விலையில் போய் முடிக்கிறார்கள். இரண்டையும் ஓரமாக வையுங்கள். ஒரு வாரம், "இப்போது கையில் கத்தி இருந்தால் தேவலை" என்று தோன்றும் ஒவ்வொரு தடவையும் எதை அறுக்க வேண்டியிருந்தது என்று போனில் குறித்து வாருங்கள். சைட்டில் இருப்பவரின் பட்டியலில் கேபிள் டை, வயரின் மேல்தோல், டைல்ஸ் பெட்டியைக் கட்டிய பிளாஸ்டிக் பட்டை, புட்டி மூட்டை, தார்ப்பாய், நைலான் கயிறு இருக்கும். மலைக்கும் ஆற்றங்கரைக்கும் போகிறவர் பட்டியலில் பழம், வெங்காயம், கூடாரக் கயிறு, பிளாஸ்திரி, சீவ வேண்டிய குச்சி.

அந்தப் பட்டியலில் தேங்காய் உடைப்பது, விறகு பிளப்பது, பெயின்ட் டப்பா மூடியை நெம்புவது இருந்தால் அடித்துவிடுங்கள். முதல் இரண்டுக்கும் அரிவாள் இருக்கிறது, மூன்றாவதற்கு ஸ்க்ரூடிரைவர். மடக்குக் கத்தியின் முழுப் பாரத்தையும் தாங்குவது நடுவில் இருக்கும் ஒரு சின்ன ஆணி. அடித்தாலும் நெம்பினாலும் அந்த ஆணி தளரும், இல்லையென்றால் முனை ஒடியும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் இந்தக் கணக்கு மாறாது.

சைட்டுக்கு மடக்குக் கத்தி தேவையா, கட்டர் போதுமா?

மிச்சம் இருக்கும் பட்டியலைப் பாருங்கள். சிமென்ட் தூசி படிந்த மூட்டை, ஜிப்சம் போர்டு, அட்டைப் பெட்டி, தரைவிரிப்பு இவைதான் பெரும்பகுதி என்றால், பிளேடு மாற்றும் கட்டர் வாங்குங்கள். சிமென்டிலும் புட்டியிலும் இருக்கும் மணல் போன்ற துகள்கள் எந்த ஸ்டீலையும் சீக்கிரம் மழுக்கிவிடும். அருமையான ஒரு கத்தியைத் தீட்டித் தீட்டித் தேய்ப்பதைவிட, மழுங்கிய பிளேடைக் கழற்றிப் போடுவது லாபம். நுனியை ஒடித்து ஒடித்துப் பயன்படுத்தும் கட்டரை 1956-ல் ஒசாகாவில் ஒகாடா யோஷியோ என்பவர் உருவாக்கினார். அச்சகத்தில் காகிதம் வெட்டும் வேலை பார்த்தவர். அவர் வழியில் வந்ததுதான் இன்றைய ஓல்ஃபா நிறுவனம். 9 மி.மீ. பிளேடு காகிதத்துக்கும் ஸ்டிக்கருக்கும். சைட்டுக்கு 18 மி.மீ. எடுங்கள், அதுவும் திருகிப் பூட்டும் வகையாகப் பாருங்கள். ஒடித்த துண்டுகளைத் தரையில் போடாதீர்கள். செருப்போடு வரும் சித்தாளின் காலில்தான் அது ஏறும். ஒரு பழைய மாத்திரை டப்பா போதும்.

என் கணக்கில் சைட்டில் இருக்கும் பலருக்கும் ஒரு கட்டரும் சின்னதாக ஒரு மடக்குக் கத்தியும் சேர்ந்தால்தான் வேலை முழுதாக நடக்கும். அழுக்கு வேலையெல்லாம் கட்டருக்கு. வயர், கயிறு, மதியம் பையிலிருந்து எடுக்கும் மாம்பழம் இவை மடக்குக் கத்திக்கு. இப்படிப் பிரித்துவிட்டால் மடக்குக் கத்தியைப் பெரிதாகவும் தடியாகவும் வாங்க வேண்டிய அவசியமே போய்விடும்.

அலகு: நீளத்தைவிட மெலிவு முக்கியம்

அலகு, அதாவது கத்தியின் வெட்டும் தகடு, 7 முதல் 9 செ.மீ. இருந்தால் போதும். அமெரிக்காவில் 1964-ல் வந்த பக் 110 இன்றும் பேர்பெற்ற கத்தி, சந்தேகமில்லை. ஆனால் அது 200 கிராம் எடை. பேன்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு சாரம் ஏறிப் பாருங்கள், நான் சொல்வது புரியும். வீட்டில் கிடக்கும் கத்தியால் யாருக்கும் பயனில்லை. 100 கிராமுக்குள் இருந்தால்தான் தினமும் கூடவே வரும்.

அலகின் முதுகு 2 முதல் 3 மி.மீ. தடிமன் இருக்கலாம். கவனிக்க வேண்டியது அந்தத் தடிமன் கூர் விளிம்பை நோக்கி எப்படி மெலிகிறது என்பது. முதுகிலிருந்தே சீராகச் சரிந்து மெலியும் அலகு பழத்துக்குள்ளும் அட்டைக்குள்ளும் வழுக்கிக்கொண்டு இறங்கும். பார்க்க முரட்டுத்தனமாக இருக்கும் 4 மி.மீ. அலகு, தக்காளியை அறுக்காமல் நசுக்கும். கடையில் பார்க்கும்போது கத்தியை நுனிப்பக்கமாக நேரே பிடித்து, முதுகிலிருந்து கூர் வரை கண்ணை ஓட்டினால் இது தெரிந்துவிடும்.

வடிவங்களுக்கு ஏகப்பட்ட பெயர்கள் உண்டு. புதிதாக வாங்குபவர் இரண்டைத் தெரிந்துகொண்டால் போதும். முதுகு நுனியை நோக்கி மெல்லச் சரியும் டிராப் பாயின்ட் எல்லாவற்றுக்கும் ஆகும். கூர் நேர்கோடாக இருந்து முதுகு வளைந்து வந்து முடியும் ஷீப்ஸ்ஃபுட் வகைக்குக் குத்தும் முனை கிடையாது. ஏணி மேல் நின்று வேலை செய்பவருக்கும், மேல் நோக்கி இழுத்து அறுப்பவருக்கும் நான் இதைத்தான் சொல்வேன். ரம்பப் பல் போட்ட அலகு ஈரக் கயிற்றை நன்றாக அறுக்கும், ஆனால் வீட்டுச் சாணைக்கல்லில் தீட்ட முடியாது. படகு, வலை, கயிறு என்று இருப்பவர் மட்டும் அதைப் பார்க்கலாம்.

பூட்டு: காசு போக வேண்டிய இடம்

திறந்த அலகு வேலையின் நடுவில் மடங்கினால் அடியில் இருப்பது உங்கள் நான்கு விரல்கள். அதனால் கூடுதலாகச் செலவு செய்வதென்றால் முதலில் பூட்டுக்குச் செய்யுங்கள்.

பூட்டே இல்லாத வகையும் உண்டு. சுவிஸ் ராணுவக் கத்தி என்று நாம் சொல்லும் விக்டோரிநாக்ஸின் 91 மி.மீ. (மூடிய நிலையில் நீளம்) கத்திகளில் வில் அழுத்தத்தால்தான் அலகு நிற்கிறது. பழம் நறுக்க, நூல் அறுக்க, வயர் சீவ இது தாராளம். அதன் நிறுவனர் கார்ல் எல்சனர் 1884-ல் பட்டறை தொடங்கினார், 1891-ல் சுவிஸ் ராணுவத்துக்குக் கத்தி கொடுத்தார். அந்த வகை இத்தனை காலம் ஓடுகிறதென்றால் பூட்டில்லாமலும் பெரும்பாலான வேலை நடக்கும் என்றுதான் அர்த்தம். நுனியால் குத்தித் துளைப்பதும், அலகின் முதுகில் பாரம் விழும்படி வேலை செய்வதும் மட்டும் கூடாது. பூட்டுடன் வேண்டுமென்றால் அதே நிறுவனத்தின் 111 மி.மீ. வரிசை இருக்கிறது.

லைனர் லாக் தான் இன்று கடைகளில் அதிகம். பிடிக்குள் இருக்கும் தகடு பக்கவாட்டில் நகர்ந்து அலகின் அடிக்குப் பின்னால் முட்டுக் கொடுக்கும். ஒரே கையால் திறக்கலாம், மூடலாம். மூடும்போது மட்டும் கட்டைவிரல் அலகு வரும் பாதையில் இருக்கும், பழகும் வரை மெதுவாகச் செய்யுங்கள். பிடியின் ஒரு பக்கத் தகடே பூட்டாக வருவது ஃபிரேம் லாக். லைனர் லாக்கைவிடக் கெட்டி, நீங்கள் இறுக்கிப் பிடிக்கப் பிடிக்கப் பூட்டும் இறுகும்.

பேக் லாக் என்பது முதுகுப் பக்கம் அழுத்தித் திறக்கும் பூட்டு. உறுதியானது. ஆனால் பூட்டு விழும் பள்ளத்தில் சிமென்டோ சேறோ அடைத்தால், விழுந்தது போலத் தெரியும், முழுசாக விழுந்திருக்காது. சைட்டுக்கு வாங்குபவர்கள் முதுகுப்பக்கம் திறந்திருக்கும் பிடியைத் தேடுங்கள். உள்ளே போகும் தூசி மறுபக்கம் வெளியே வரும், குழாயடியில் காட்டிக் கழுவலாம்.

ஓப்பினெல் கத்தியில் இருப்பது ஒரு இரும்பு வளையம். திறந்ததும் வளையத்தைத் திருப்பினால் பூட்டு. 1890-ல் பிரான்சின் சவோய் மலைப்பகுதியில் ஜோசஃப் ஓப்பினெல் செய்யத் தொடங்கிய கத்திக்கு 1955-ல்தான் இந்த வளையம் வந்தது. இதைவிட எளிய பூட்டை நான் பார்த்ததில்லை, கெட்டுப்போக அதில் எதுவுமில்லை. 8-ஆம் எண் கத்தியின் அலகு 8.5 செ.மீ., எடை ஐம்பது கிராமுக்குக் கீழே. பயணத்துக்கு இதற்கு ஈடு குறைவு. குறை என்னவென்றால் பிடி மரம். அடைமழையில் மரம் ஊறி உப்பி, அலகு உள்ளேயே இறுகிக்கொள்ளும். அப்போது நகத்தால் இழுத்துப் போராடாமல், பிடியின் பின்முனையை மேசையில் தட்டினால் அலகு கொஞ்சம் வெளியே எட்டிப் பார்க்கும். அந்த ஊர்க்காரர்கள் செய்வதும் இதைத்தான். இரண்டு கையும் வேண்டும் என்பதால் ஏணி வேலைக்கு இது ஆகாது.

பட்டனைத் தட்டினால் ஸ்பிரிங் விசையில் பாய்ந்து திறக்கும் கத்தி வேண்டாம். தொழிலுக்கு அதனால் ஒரு ஆதாயமும் இல்லை, போலீஸ் சோதனையில் பதில் சொல்வதும் கஷ்டம்.

சட்டம் என்ன சொல்கிறது

இந்தியாவில் 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகள்படி 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுடைய கத்திகள் ஆயுதப் பட்டியலில் வருகின்றன. வீட்டு, விவசாய, அறிவியல், தொழில் பயன்பாட்டுக்காகச் செய்யப்பட்டவற்றுக்கு விலக்கு உண்டு. நாம் பேசும் 8 செ.மீ. கத்தி இந்த அளவுக்குப் பக்கத்திலேயே வராது. ஆனால் டெல்லிக்குப் போகிறவர்கள் கவனியுங்கள். அங்கே 1980-ல் வந்த அறிவிக்கை, பட்டன் போன்ற இயந்திர அமைப்பால் திறக்கும், மூடும் கத்திகளில் 7.62 செ.மீ. நீளமும் 1.72 செ.மீ. அகலமும் எட்டியவற்றைக் கட்டுப்படுத்துகிறது.

மலையேறுபவர்கள் தவறவிடும் விஷயம் ஒன்று உண்டு. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 'ஆயுதம்' என்பதற்கான விளக்கத்திலேயே கத்தியும் இருக்கிறது. சரணாலயத்துக்குள் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் ஆயுதத்தோடு நுழையக் கூடாது என்கிறது அதன் 31-ஆவது பிரிவு. தேசியப் பூங்காவுக்கும் இது பொருந்தும். முதுமலை, ஆனைமலை, களக்காடு என்று பெயர் சொல்லக்கூடிய பல இடங்கள் இதில் அடங்கும். "பழம் நறுக்கத்தான் சார்" என்பது செக்போஸ்டில் எடுபட வேண்டுமென்ற கட்டாயம் இல்லை. அனுமதி வாங்கும்போதே கேளுங்கள், வேண்டாமென்றால் வண்டியில் விட்டுவிட்டுப் போங்கள். தனியார் எஸ்டேட், தோப்பு, ஆற்றங்கரை, கடற்கரை முகாம் என்றால் இந்தப் பிரச்சினை இல்லை.

விமானத்தில் கைப்பையில் கொண்டுபோக முடியாது, செக்-இன் பெட்டிக்குள் போட வேண்டும். கோர்ட், கலெக்டர் ஆபீஸ் போகும் நாளில் டூல்ஸ் பைக்குள்ளேயே இருக்கட்டும். பொதுவாகவே இடுப்பில் தெரியும்படி மாட்டாமல், மற்றக் கருவிகளோடு பையில் வைத்திருப்பது நல்லது. ஸ்பேனரும் டெஸ்டரும் பக்கத்தில் இருந்தால் கத்தி எதற்கென்று தனியாக விளக்க வேண்டியதில்லை.

ஸ்டீல்: தலையை உடைத்துக்கொள்ளாதீர்கள்

மென்மையான ஸ்டீல் சீக்கிரம் மழுங்கும், சீக்கிரம் தீட்டலாம். கடினமானது கூரை நெடுநாள் வைத்திருக்கும், தீட்ட நேரம் பிடிக்கும், விளிம்பு சில்லுச் சில்லாகப் போகவும் வாய்ப்பு அதிகம். இந்தக் கடினத்தை ராக்வெல் சி என்ற அளவில் சொல்வார்கள். விக்டோரிநாக்ஸ் 56-ஐ ஒட்டி இருக்கும். புதியவருக்கு 56 முதல் 59 வரை சரி.

8சிஆர்13எம்ஓவி என்று நீளமாகப் போட்டிருந்தால் மிரள வேண்டாம். சுமார் 0.8 சதவீதம் கார்பன், 13 சதவீதம் குரோமியம் கொண்ட சீன ஸ்டீல், குறைந்த விலைக் கத்திகளில் நம்பத் தகுந்தது. 12சி27, 14சி28என் இரண்டும் ஸ்வீடன் ஸ்டீல்கள். துருவுக்கு நன்றாக ஈடுகொடுக்கும், தீட்டவும் சுலபம். நம் ஊர் வியர்வைக்கும் ஈரக் காற்றுக்கும் நான் முதலில் சொல்வது 14சி28என். டி2 என்ற ஸ்டீல் கூர்மையை வெகுநாள் வைத்திருக்கும். ஆனால் 12 சதவீதம் குரோமியம் இருந்தும் அதில் ஒரு பங்கு கார்பனோடு சேர்ந்து கட்டுண்டு போவதால் முழுத் துருப்பிடிக்கா ஸ்டீல் அது இல்லை. தூத்துக்குடி, நாகப்பட்டினம் பக்கம் இருப்பவர்கள் யோசித்து வாங்குங்கள். உப்புத் தண்ணீரிலேயே பிழைப்பு என்றால் ஹெச்1, எல்சி200என் போன்ற நைட்ரஜன் கலந்த ஸ்டீல்கள் இருக்கின்றன, விலைதான் உறைக்கும்.

கார்பன் ஸ்டீல் அலகு புளியங்காய், மாங்காய், வாழைப்பூ பட்டால் கறுத்துவிடும். கறுப்பது கேடல்ல, பழுப்பாகத் துரு வந்தால்தான் கேடு. வெறும் 'ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்' என்று மட்டும் எழுதி எந்த வகை என்று சொல்லாத கத்தியை விட்டுவிடுங்கள்.

பிடியும் கிளிப்பும்

ஜி10 என்ற கண்ணாடி இழைப் பலகை, நைலான் இரண்டும் வியர்த்த கையிலும் வழுக்காது. பளபளப்பான உலோகப் பிடி அழகு, எண்ணெய்க் கையில் நழுவும். உள்ளங்கையில் நான்கு விரலும் அடங்க வேண்டும். கையுறை போட்டு வேலை செய்பவர் அதோடு திறந்து பார்த்து வாங்குங்கள். பாக்கெட் கிளிப் பேன்ட்காரர்களுக்கு வசதி. லுங்கி, வேட்டியோடு தோட்ட வேலை செய்பவர்களுக்கு, பிடியில் துளையிருந்து கயிறு கோக்க முடிகிற கத்திதான் உகந்தது.

வாங்கியதும் செய்ய வேண்டிய சோதனை

ஆன்லைனில் வாங்கினால் திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் இதைச் செய்துவிடுங்கள். பிரபலமான பெயர்களில் போலிகள் நிறைய உலவுகின்றன. நம்ப முடியாத தள்ளுபடியே முதல் அறிகுறி.

மூடிய நிலையில் அலகு பிடியின் நடுவில் நிற்கிறதா, ஒரு பக்கம் உரசுகிறதா என்று பாருங்கள். திறந்து, பிடியை ஒரு கையிலும் அலகின் முதுகை மறு கையிலும் பிடித்து மேலும் கீழும் பக்கவாட்டிலும் அசையுங்கள். பக்கவாட்டு ஆட்டத்தை ஸ்க்ரூ முறுக்கிச் சரிசெய்யலாம். மேல் கீழாக ஆடினால் பூட்டு சரியில்லை, திருப்பி அனுப்புங்கள். லைனர் லாக் என்றால் தகடு அலகின் அடியில் ஓரமாகத் தொட்டுக்கொண்டிருக்கிறதா, நன்றாக உள்ளே வந்து முட்டுகிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். ஓரத்தில் மட்டும் தொடுவது ஆபத்து. பிறகு, விரல்கள் மடங்கும் பாதையில் இல்லாதபடி பிடியைப் பக்கவாட்டில் பற்றிக்கொண்டு, அலகின் முதுகை ஒரு மரக்கட்டையில் வைத்து மெல்ல அழுத்துங்கள். பூட்டு நகரக் கூடாது.

கடைசியாகப் பழைய செய்தித்தாள். அலகின் அடியிலிருந்து நுனி வரை முழு நீளத்துக்கும் இழுத்து அறுங்கள். ஒரே இடத்தில் காகிதம் கிழிந்தால் அங்கே கூர் மடங்கியிருக்கிறது. அதை நீங்களே தீட்டிக்கொள்ளலாம், திருப்பி அனுப்பத் தேவையில்லை.

வயர் சீவுவது

முதலில் மின்சாரத்தைத் துண்டிக்கும் எம்சிபி சுவிட்சை இறக்கி, டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கத்தியை எடுக்க வேண்டும். சாதாரண மடக்குக் கத்தியின் பிடி எதுவாக இருந்தாலும் அது மின்காப்பு ஆகாது. 1000 வோல்ட் முத்திரையோடு வரும் காப்பிட்ட கத்திகள் தனி ரகம்.

2.5 சதுர மி.மீ. வயரை எடுத்துக்கொள்வோம். புதியவர்கள் வயரைச் சுற்றி வட்டமாக அறுத்துத் தோலை உருவுவார்கள். அந்த வட்டத்தில் கூர் செம்பைத் தொட்டு ஒரு கோடு போட்டுவிடும். சுவிட்ச் பாக்ஸுக்குள் மடக்கித் திணிக்கும்போது சரியாக அந்தக் கோட்டில்தான் கம்பி முறியும். பென்சில் சீவுவது போல அலகைச் சாய்த்து, வயரின் நீளவாக்கில் முனையை நோக்கித் தள்ளுங்கள். தோல் சீவலாக வரும், செம்பில் கீறல் விழாது. ஒரு பக்கம் சீவியதும் மிச்சத் தோலை விரித்து மடக்கி அடியோடு அறுத்துவிடலாம். நாளெல்லாம் வயர் சீவுபவர் ஸ்ட்ரிப்பர் வாங்கிவிடுவது புத்திசாலித்தனம்.

எதை அறுத்தாலும் கூர் போகும் திசையில் உங்கள் தொடையும் இடது கையும் இருக்கக் கூடாது. கத்தியை இன்னொருவரிடம் கொடுக்கும்போது மூடிக் கொடுங்கள்.

தீட்டுவதும் பராமரிப்பும்

தெருவில் வரும் சாணைக்காரரிடம் அரிவாளும் அருவாமனையும் கொடுக்கலாம். மெல்லிய மடக்குக் கத்தியைக் கொடுக்காதீர்கள். சுற்றும் சக்கரத்தின் சூட்டில் விளிம்பு நீலமாகிவிட்டால் அந்த இடத்தில் பதம் போய்விட்டது என்று பொருள். பிறகு எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது.

ஹார்டுவேர் கடையில் ஒரு பக்கம் சொரசொரப்பும் மறுபக்கம் மழமழப்புமாகக் கார்போரண்டம் கல் கிடைக்கும். ஈரத் துணி மேல் வைத்துத் தண்ணீர் தெளியுங்கள். அலகைக் கல்லின் மேல் செங்குத்தாக நிறுத்தி, அதில் பாதி சாயுங்கள், மறுபடி பாதி சாயுங்கள். கிட்டத்தட்ட 22 டிகிரி, அதுதான் வேண்டும். அந்தச் சாய்வை விடாமல் ஒரு பக்கமாகவே தேய்த்து வந்தால் மறுபக்கம் விரலுக்கு ஒரு பிசிறு தட்டுப்படும். விரலைக் கூரின் நீளத்தில் ஓட்டாமல், முதுகிலிருந்து வெளிப்பக்கமாகத் தடவிப் பாருங்கள். பிசிறு அலகு முழுக்க வந்த பிறகே பக்கம் மாற்ற வேண்டும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான், பத்து தேய்ப்புக்கு ஒருமுறை திருப்பிக்கொண்டே இருப்பார்கள். மறுபக்கமும் பிசிறு வந்ததும் மழமழப்புப் பக்கத்தில் மெல்ல, பின்னர் பழைய தோல் பெல்ட்டில் கூரைப் பின்னோக்கி இழுத்து முடியுங்கள்.

பழம் நறுக்கினாலோ கடற்கரைக்குப் போனாலோ அன்றே நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்துவிடுங்கள். சிமென்ட் புகுந்தால் திறந்தபடி குழாயடியில் பிடித்து, பழைய டூத்பிரஷ்ஷால் மடிப்பைத் தேய்த்து, நன்றாக உலர்ந்த பிறகு மடக்குங்கள். மடிப்பு ஆணிக்குத் தையல் மெஷின் எண்ணெய் ஒரு துளி போதும். தேங்காய் எண்ணெய் அலகில் தடவ ஆகும், மடிப்பில் விட்டால் தூசியோடு சேர்ந்து பிசுக்காகிவிடும்.

ஸ்க்ரூக்கள் பெரும்பாலும் நட்சத்திரத் தலையோடு டி6, டி8 அளவில் வரும். மொபைல் ரிப்பேர் கிட்டில் அந்த முனைகள் இருக்கின்றன. அடிக்கடி தளரும் ஸ்க்ரூவைக் கழற்றி, மரையில் நகப் பாலிஷ் ஒரு பொட்டு வைத்து முறுக்கி ஒரு ராத்திரி விடுங்கள். வேண்டும்போது கழற்றவும் வரும்.